ஜாமீன் கிடைத்தும் பையன் வீட்டுக்கு வரவில்லை: டெல்டாவில் எல்லாரும் சேர்ந்தால் சிறைக்கூட்டம் குறையுமா?

மயிலாடுதுறை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். காரைக்காலிலிருந்து மது பாட்டில் கொண்டுவந்ததாக அவர் தெருப் பையன் ஒருவனைப் பிடித்து ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அமெரிக்காவில் சில ஊர்களில் நீதிபதி, போலீஸ், அரசு வக்கீல், ஊர்மக்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிறையில் இருப்போர் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள் என்று அவர் படித்தாராம். "நம்ம டெல்டாவில் இது நடக்குமா, இல்லை படிக்க மட்டும் நல்லா இருக்கிற விஷயமா?" என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சீர்திருத்தம் பற்றியது. மற்றது, கோர்ட்டே போகலாம் என்று சொன்ன பிறகும் ஒரு பையன் ஏன் வீடு வந்து சேரவில்லை என்பது. இரண்டாவதற்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே போகிறேன்.

நான் டெல்டாவின் கீழமை நீதிமன்றங்களில் பல வருடங்களாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன். ஏழைகளுக்கு இலவச வக்கீல் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்து கிளைச் சிறைகளுக்குப் போய்வந்த பழக்கமும் உண்டு. உங்கள் பையனின் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே அவன் வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி வழக்குகள் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்று சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட சிறைப் புள்ளிவிவரப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகாதவர்கள். நூற்றுக்கு 75-க்கும் மேல். சிறைகளின் மொத்தக் கொள்ளளவோ 4,36,266. தமிழ்நாட்டின் நிலைமை கொஞ்சம் வேறு. நம் சிறைகள் மொத்தக் கணக்கில் கொள்ளளவுக்குக் கீழேதான் இருக்கின்றன. வடமாநிலச் சிறைகள் மாதிரி பிதுங்கி வழிவதில்லை. இதனாலேயே இங்கே யாருக்கும் இது அவசரமாகத் தெரிவதில்லை. இடம் இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற மனநிலை. டெல்டாவில் நாம் கேட்க வேண்டியது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, எத்தனை நாள் இருக்கிறார்கள், அதில் எத்தனை நாள் தேவையே இல்லாத நாள் என்பதைத்தான். சம்பா அறுவடை நேரத்தில் இருபது நாள் உள்ளே இருந்தவனுக்குப் போன கூலி அந்த வருஷம் திரும்ப வராது.

அமெரிக்க விஷயத்துக்கு வருவோம். நீங்கள் படித்தது அநேகமாக 2015-இல் மெக்ஆர்தர் அறக்கட்டளை தொடங்கிய திட்டத்தைப் பற்றியதாக இருக்கும். அங்கே விசாரணைக் கைதிகளையும் குறுகிய தண்டனைக்காரர்களையும் வைத்திருக்கும் சிறைகளைப் பெரும்பாலும் கவுண்டி என்கிற உள்ளூர் நிர்வாகமே நடத்துகிறது. கைதிக்கு ஆகும் செலவு உள்ளூர் வரிப்பணத்தில் இருந்து போகிறது. ஷெரீப் எனப்படும் கவுண்டிக் காவல் தலைவரும் அரசு வக்கீலும் பல இடங்களில் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். அதனால் "ஏன் இத்தனை பேரை உள்ளே வைத்திருக்கிறீர்கள்?" என்று ஊர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் செய்த ஒரு வேலை ரொம்பச் சாதாரணமானது: யார் உள்ளே இருக்கிறார், எத்தனை நாளாக, எதற்காக என்ற பெயர்ப் பட்டியலை எல்லா அலுவலகத்துக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். நம் நாட்டில் சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். காவல்துறையும் மாநில அரசினுடையது. நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. மாவட்ட அளவில் "இது என் சிறை, இது என் செலவு" என்று சொல்ல ஆளே கிடையாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அங்கே நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்று சொல்வது சரியில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலைச் சேர்ந்து படிக்கும் அந்த மேஜை நம் மாவட்டங்களிலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் பையன். நம் பக்கத்தில் ஜாமீன் உத்தரவு பொதுவாக எப்படி இருக்கும் என்றால்: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை (வாய்தாவுக்கு வருவேன் என்று அவனே எழுதிக் கொடுப்பது), அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் பத்தாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வட்டிக்கு அலைகின்றன. அது தேவையில்லை. ஜாமீன்தாரர் அன்றைக்கு ஒரு பைசாவும் கட்டுவதில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை யாராவது நிதானமாக விளக்கியிருந்தால் பாதிக் குடும்பங்களுக்குக் கடன் மிச்சமாகியிருக்கும்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஜாமீன்தாரரிடம் என்ன காகிதம் கேட்பது? உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமாக வரும் வாசகம், ஜாமீன்தாரரின் போட்டோவும் இடது பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் இருக்க வேண்டும், ஆளை உறுதிசெய்ய ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகலை மாஜிஸ்டிரேட் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் கீழே நடைமுறையில் வீட்டு வரி ரசீது, பட்டா, வி.ஏ.ஓ. சான்று, சில இடங்களில் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று வரை போகிறது. எழுதிய சட்டத்தைவிடக் காலங்காலமான பழக்கம்தான் இங்கே ஆள்கிறது. டெல்டாவில் இந்தப் பழக்கம் மற்ற இடங்களைவிடக் கடுமையாகக் கடிக்கும். காரணம் நம் மண்ணின் கதை. இங்கே நிலத்தில் கணிசமான பங்கு கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் என்று பெயர் சொன்னாலே உங்களுக்குப் புரியும். தலைமுறை தலைமுறையாக அடிமனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு மனைப் பட்டா கிடையாது. வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் இருக்கிறவர்களுக்கும் கிடையாது. குத்தகை சாகுபடி செய்கிறவருக்கு விளைச்சல் உண்டு, நிலம் இல்லை. விவசாயக் கூலிக்கு இரண்டும் இல்லை. நாலு தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கிறவனைப் பார்த்து, நீ ஓடிவிட மாட்டாய் என்பதற்குப் பட்டா காட்டு என்கிறோம். வீட்டு வரி ரசீது இருந்தாலும் அது செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும். அக்கா வருவாள், கல்யாணமாகி வேறு ஊர் போனவள், அவளுடைய குடும்ப அட்டை அந்த ஊரில் இருக்கும். "வெளியூர் ஜாமீன் வேண்டாம், உள்ளூர் ஆள் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பையனுக்கு இன்னும் ஒரு வாரம் உள்ளே கழியும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1978-இல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அவர் சகோதரர் கொடுத்த பிணையைச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்திருந்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அது தவறு என்றார். ஏழைக்கு ஆள் ஜாமீன் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்றும் சொன்னார். அடுத்த வருஷம், 1979-இல், பீகார் சிறைகளில் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு. அதில் நீதிபதி பகவதி, நியூயார்க்கில் 1961-இல் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தை எடுத்துக்காட்டினார். பணத்தையும் சொத்தையும் பார்க்காமல், எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான், வேலை என்ன, குடும்பம் யார், ஊரில் அவனுக்கு எத்தனை வேர் இருக்கிறது என்று விசாரித்து விடுவிக்கலாம் என்பதே அந்தத் திட்டம். நீங்கள் இப்போது அமெரிக்காவைக் காட்டிக் கேட்கிற யோசனை, அறுபது வருஷத்துக்கு முன்பே அங்கே நடந்து, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் வந்துவிட்டது. கீழே இறங்கத்தான் இல்லை. 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பதே தாமதத்துக்கு ஒரு காரணம், அப்படி நிபந்தனை போட வேண்டாம். 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கில், பல வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருந்தவருக்கு, ஒரே ஆட்கள் எல்லா வழக்குக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தது. உங்கள் பையனுக்கு ஏழு நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

சரி, சேர்ந்து உட்காரும் மேஜை எங்கே? ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. மாவட்ட நீதிபதி தலைவர். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறை அதிகாரி எல்லாரும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். யார் யார் பெயரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு 2018-இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடைமுறை வகுத்துக் கொடுத்தது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருக்கிறவர்கள் அந்தப் பட்டியலிலேயே வருகிறார்கள். ஆகப் புதுக் குழு எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற குழுவுக்குக் கொண்டுபோகிற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். மூன்று மாதம் என்பதுதான் எனக்கு உறுத்துகிற இடம். ஜாமீன் தாமதத்தில் சிக்குகிறவன் பெரும்பாலும் மூன்று வாரத்திலோ ஆறு வாரத்திலோ எப்படியாவது வெளியே வந்துவிடுவான். குழு கூடும்போது அவன் பெயர் பட்டியலில் இருக்காது, அவன் பட்ட கஷ்டமும் எந்தக் கணக்கிலும் ஏறாது. மாவட்டத்தில் யாராவது ஒருவர் வாரம் ஒரு முறை சிறைப் பட்டியலையும் கோர்ட் ஜாமீன் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். இரண்டும் வேறு வேறு கட்டடத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

கிளைச் சிறைக்குள் போய் உட்கார்ந்தால் தெரியும், அங்கே இருக்கிறவர்களிடம் பொதுவாகக் கேட்கிற கேள்வி மூன்று: உன் வக்கீல் யார், அடுத்த வாய்தா எப்போ, ஜாமீன் மனு போட்டாச்சா? பலருக்கு மூன்றுக்கும் பதில் தெரியாது. காவல் நீட்டிப்பு வீடியோவில் நடக்கிறது. திரையில் தலையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டும். "பதினஞ்சு நாள் தள்ளியிருக்கு" என்பதோடு சரி. பெண்கள் நிலைமை இதைவிட மோசம். டெல்டாவின் கடலோரத்தில் பிடிபடுகிற பெண்ணைப் பெரும்பாலும் திருச்சி மகளிர் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ அம்மாவைப் பார்க்கப் பிள்ளைகள் பஸ் மாறி பஸ் மாறித் திருச்சிக்குப் போய்வர ஒரு நாள் முழுசும் ஆகும். மனு போட ஓடுவதற்கு ஆளில்லாமல் பெண் கைதிகள் கூடுதல் நாள் உள்ளே இருப்பதற்கு இந்தத் தூரமும் காரணம். உயர் நீதிமன்றமும் டெல்டாவை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். ஆறு ஒன்றுதான், ஆனால் மேல் கோர்ட் வக்கீல் பீஸ், அலைச்சல், தாமதம் எல்லாம் கரைக்குக் கரை வேறு.

உள்ளே போகாமலே இருந்திருக்க வேண்டியவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் பிடித்ததும் ரிமாண்ட் என்பது கட்டாயம் கிடையாது. ஏன் கைது அவசியம் என்று போலீஸ் எழுத வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு இதைச் சொன்னது, இப்போது குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவிலும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறைந்த தண்டனை என்றால், அறுபது வயது தாண்டியவரையும் உடல் முடியாதவரையும் டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. டெல்டாவின் சாதாரண வழக்குகளில் கொள்ளிடத்து மணல், அடிதடி, சைக்கிள் திருட்டு போன்றவை பெரும்பாலும் அந்த ஏழு வருஷ வரம்புக்குள்தான் வரும். மாவட்டத்துக்கு மாவட்டம், சில சமயம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், இதில் பழக்கம் மாறுகிறது. காவல் கண்காணிப்பாளர் ஒருவர் மாதாந்திரக் கூட்டத்தில் "ரிமாண்ட் செய்த ஒவ்வொரு வழக்கிலும் காரணத்தைக் காட்டு" என்று கேட்டால் அந்த மாதமே வித்தியாசம் தெரியும். குழு, கமிட்டி, பயிலரங்கம் எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்விக்குப் பலம் அதிகம் என்பது என் கருத்து.

வாய்தா தவறுவது இன்னொரு வாசல். வழக்கு இழுக்கும், பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான், சம்மன் பழைய விலாசத்துக்கு வரும், கோர்ட் பிடியாணை போடும், பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். அவன் ஓடி ஒளியவில்லை, தேதி தெரியாது. நியூயார்க்கில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டிப் பார்த்தபோது, வராமல் போகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தார்கள். நம்மிடமும் இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறது. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் யாரும் வாய்தா தேதி பார்க்கலாம். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குடும்பத்திடம் கொடுப்பதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. தினசரிக் கையெழுத்தும் இதே மாதிரிதான். 10.30-க்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டியவன் நடவுக்கும் போக முடியாது, அறுப்புக்கும் போக முடியாது. வேலைக்குப் போய்க் கையெழுத்தைத் தவறவிட்டால் ஜாமீன் ரத்தாகும் பயம். வாரம் ஒரு நாள் என்று மாற்றக் கேட்டு மனுப் போடலாம். நியாயமான காரணம் சொன்னால் பல நீதிபதிகள் மாற்றித் தருகிறார்கள்.

இனி நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ஆட்களை விரைவாக விடுவதால் ஊரில் குற்றம் கூடாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சின்ன வழக்கில் தேவையில்லாத காவல் ஒருவனின் வேலையையும் குடும்பத்தையும் உடைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் பொதுவாக நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. விசாரணைக் காலத்திலேயே அதிகபட்சத் தண்டனைக்காலத்தில் பாதி, முதல் முறைக் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, உள்ளே கழித்தவரை விடச் சொல்லும், அதே புதுச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு நல்ல ஏற்பாடு. அது 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. அடிக்கடி பிடிபடும் ஏழையின் மேல்தான் பல வழக்குகள் இருக்கும். ஆகவே அதன் பலன் நாம் நினைக்கிற அளவுக்கு நம் பக்கத்தில் இறங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தில் ஒரு வருஷம் வரை வைக்க முடியும். மணல் குற்றமும் சாராயமும் அதற்குள் வருகின்றன. அந்த ஆணைகள் மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தில் வருவதால், உள்ளூர் ஒத்துழைப்பு என்பது அங்கே எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யலாம். பெரிய அளவு கஞ்சா வழக்குகளும் போக்சோ வழக்குகளும் தனி விதிகளின் கீழ் வருகிறவை. நான் இங்கே சொன்னது எதுவும் அவற்றுக்கு நேராகப் பொருந்தாது.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. "ஊர் சேர்ந்து முடிவு செய்யட்டும்" என்றால் டெல்டாவில் ஊர் என்பது யார்? சொத்துக்குப் பதிலாக நன்னடத்தையைப் பார்ப்போம் என்று நாம் சொல்கிற அன்றே, யாருடைய சொல்லை நம்புவது என்ற கேள்வி வரும். ஊராட்சித் தலைவரும் மிராசுதாரும் கையெழுத்துப் போட்டால்தான் நல்லவன் என்று ஆனால், காலனித் தெருப் பையன் பட்டா இல்லாமல் பட்ட பாட்டை இனி சாதியால் படுவான். அவன் அதே மிராசோடு கூலித் தகராறில் இருந்தவனாகவும் இருக்கலாம். ஆகவே ஊரில் வேர் இருக்கிறதா என்று பார்க்கும் சாட்சி பல பக்கத்திலிருந்து வர வேண்டும்: மகளிர் சுய உதவிக் குழு, விவசாயத் தொழிலாளர் சங்கம், அவன் படித்த பள்ளி ஆசிரியர், வேலை கொடுக்கிற கொத்தனார் மேஸ்திரி. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் நேரில் போய் இவர்களைப் பார்த்து ஒரு பக்க அறிக்கை கொடுத்தால் மாஜிஸ்டிரேட்டுக்கு நம்பிக்கை வரும். தண்டனை கட்டத்தில் இதே மாதிரி விசாரித்து அறிக்கை தர நன்னடத்தை அலுவலர்கள் நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள்; 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் அதற்கானதுதான். பாதிக்கப்பட்டவரையும் மறக்கக் கூடாது. மனைவியை அடித்து உள்ளே போனவன் வெளியே வருகிறான் என்றால் அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் சிறைக்கூட்டத்தை மட்டும் குறைத்துக் கைதட்டிக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

உங்கள் பையனுக்கு இப்போதே செய்யக்கூடியது இது. உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கும். அங்கே போய் எழுத்தில் மனுக் கொடுங்கள்: இந்தத் தேதியில் ஜாமீன் கிடைத்தது, ஏழு நாள் தாண்டியும் வெளியே வரவில்லை, ஜாமீன்தாரர் காட்ட முடியவில்லை என்று நாலு வரி போதும். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் பேசலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. "வருமானச் சான்று கொண்டா" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வக்கீலிடம் மூன்று மாற்றங்களை ஒரே மனுவில் கேட்கச் சொல்லுங்கள்: இரத்த உறவு, உள்ளூர் என்ற நிபந்தனைகளைத் தளர்த்துவது, முடியாவிட்டால் சொந்தப் பிணையில் விடுவது, தினசரிக் கையெழுத்தை வாரம் ஒரு நாளாக்குவது. ஆள் ஜாமீனுக்குப் பதிலாகப் பணமாகக் கட்ட நீதிமன்றம் அனுமதித்து, குடும்பத்திடம் பணமும் இல்லை என்றால், 2023-இல் மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு உதவித் தொகை தர மாவட்டக் குழு ஒப்புதல் தரலாம். பணம் நேராகக் கோர்ட்டுக்குப் போகும். நடுவில் யாராவது கோர்ட் வாசலில் நின்று, இரண்டு ஜாமீன்தாரர் நான் ஏற்பாடு செய்கிறேன், இவ்வளவு கொடு என்றால் கொடுக்காதீர்கள். தொழிலாக ஜாமீன் போடுகிற ஆட்கள் எத்தனை வழக்கில் நிற்கிறார்கள் என்று கோர்ட்டில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் பொய் இருந்தால் உங்கள் பையன் ஜாமீனுக்கே ஆபத்து.

ஜாமீன் உத்தரவின் நகலை வாங்கி, அதில் ஜாமீன்தாரர் பற்றி எழுதியிருக்கும் வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். பெயர், வழக்கு எண் எதுவும் வேண்டாம். இரத்த உறவு என்ற நிபந்தனை உத்தரவிலேயே இருக்கிறதா, இல்லை வாய்மொழியாகக் கேட்கிறார்களா என்று தெரிந்தால், மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். ஜாமீன் நிற்கப்போகிறவரின் ஆதார், பாஸ்புக் நகல் இரண்டையும் அதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.